படம் பார்த்தால் பாடம் கிடைக்குமா? கடற்கரைத் திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று கூப்பிடுகிற ஊருக்குப் போய் நாங்கள் சிலர் சேர்ந்து படம் போடுகிறோம். ஒரு முறை கதைப்படம் என்றால் அடுத்த முறை காடு, கடல் பற்றிய ஆவணப்படம். படம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் கேள்விகள் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், ஊர்தான் வேறு. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எங்களுக்குள்ளேயே எல்லாவற்றிலும் ஒத்த கருத்து கிடையாது. எழுதுகிறவன் நான் என்பதால் பதில்கள் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

படம் பார்த்து யாராவது திருந்தியிருக்கிறார்களா? வாழ்க்கைப் பாடம் என்பதெல்லாம் சும்மா பேச்சுதானே?

திருந்துவது பெரிய வார்த்தை. அவ்வளவு தூரம் நாங்கள் ஆசைப்படவில்லை. நாயகன் நம்மைப் பார்த்துச் சொல்லும் அறிவுரை, கைதட்டலோடு அங்கேயே முடிந்துவிடும். கதை நகர்கிற விதம் மட்டும் மனதில் தங்கிவிடும்.

1964இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்காகத்தான் கூட்டம் வரும். கதையில் இரண்டு மீனவர் கூட்டங்கள் அடித்துக்கொள்கின்றன, அவர்களை மோதவிட்டுப் பணக்காரர் ஒருவர் குளிர்காய்கிறார். நம் பக்கம் பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பல காலமாகச் சச்சரவு. அதைத் தணிக்கத்தான் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு வந்தது. அந்தப் படத்தைப் போட்ட ஓர் ஊரில் பெரியவர் ஒருவர் எழுந்து, “சரி, நம்ம சண்டையில யாருப்பா லாபம் பாக்குறது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஏல விலை, ஐஸ் விலை, டீசல் கடன் என்று ராத்திரி வெகுநேரம் பேச்சு ஓடியது. யாரும் திருந்தவில்லை. ஆனால் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பொழுதுபோக்குப் படம், இன்றைய கணக்கைப் பேச வைத்துவிட்டது. பாடம் என்று நாங்கள் சொல்வது இந்த அளவில்தான்.

இயற்கை ஆவணப்படத்தில் காட்டுவதெல்லாம் உண்மையா?

விலங்குகள் உண்மை. கதை, எடிட்டிங் மேஜையில் பிறப்பது. இதை முதலில் புரிந்துகொண்டால்தான் மற்ற பதில்களுக்கு அர்த்தம் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1958இல் டிஸ்னி நிறுவனம் ‘வொய்ட் வில்டர்னெஸ்’ என்ற ஆவணப்படத்தை வெளியிட்டது. லெம்மிங் என்று எலியைப் போல ஒரு சிறு பிராணி. கூட்டம் பெருகிவிட்டால் அது மலை உச்சியிலிருந்து கூட்டமாகக் குதிக்கும் என்று அந்தப் படம் காட்டியது. ஆஸ்கர் விருதும் வாங்கியது. உண்மையில், லெம்மிங் இயல்பாக வாழாத கனடாவின் ஆல்பர்ட்டா பகுதிக்கு வேறு இடத்திலிருந்து அவற்றை விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார்கள். சுழலும் மேடையில் ஓடவிட்டுப் பெருங்கூட்டம் போலக் காட்டினார்கள், கடைசியில் சரிவிலிருந்து ஆற்றுக்குள் தள்ளிவிட்டார்கள். 1980களில் கனடா தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்வதில்லை. ஆனாலும் ‘கண்மூடித்தனமாகக் கூட்டத்தின் பின்னால் போகாதே’ என்ற பாடத்துக்கு இன்றும் மேடைகளில் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். பாடம் நல்லதாக இருக்கலாம், அதற்கு ஆதாரமாகக் காட்டிய பிராணியை மனிதக் கை தள்ளிவிட்டிருக்கிறது.

இப்போது அந்த அளவுக்கு யாரும் போவதில்லை. ஆனால் சிறிய சமாளிப்புகள் உண்டு. 2011இல் பிபிசியின் ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடரில் பனிக்கரடி குட்டி போட்ட காட்சியை ஐரோப்பாவில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் எடுத்திருந்தார்கள் என்று தெரிந்து பெரிய வாக்குவாதம் நடந்தது. காட்டுக் கரடியின் குகைக்குள் கேமராவை வைத்தால் தாய் குட்டியை விட்டுவிடும், ஏன், கொன்றுகூடப் போடலாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. படத்திலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் சத்தம். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுக்கும் காட்சிக்குப் பெரும்பாலும் ஒலி கிடைக்காது. சிறகடிப்பு, எலும்பு நொறுங்குவது, பனியில் நடக்கும் சரசரப்பு எல்லாம் பின்னால் ஒலிக்கூடத்தில் சேர்ப்பவை. கடலுக்கடியில் மீன் திரும்பும்போது ‘விஷ்’ என்று கேட்கிறதே, அதுவும் அப்படித்தான். சங்குக்கு மூழ்குகிற ஒருவரிடம் ஒரு கடல் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் முதலில் சொன்னதே, “உள்ள இப்படியெல்லாம் சத்தம் வராது, படபடன்னு பொரியுற மாதிரிதான் கேக்கும்” என்பதுதான். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, பக்கத்தில் கேட்கும் அந்தப் பொரியும் ஒலிக்குக் காரணம் ஒரு வகைச் சிறு இறால், தன் கொடுக்கைச் சொடுக்குவதால் வருவது. மெல்லிய வயலின் இசை வந்தால் குட்டி சாகப்போகிறது, மேளம் அதிர்ந்தால் வேட்டை என்று இந்நேரம் உங்களுக்கே பழகியிருக்கும். எதற்கு இரங்க வேண்டும் என்பதை இசை முடிவு செய்துவிடுகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு காட்சியைச் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதி ‘பாடங்கள்’ காணாமல் போயிருக்கும். மிச்சம் இருப்பது விலங்கு உண்மையில் செய்தது.

குட்டி சாகும்போது கேமராக்காரர் காப்பாற்றாமல் நின்று படம் எடுக்கிறாரே, மனசாட்சி இல்லையா?

ஒவ்வொரு முறையும் வருகிற கேள்வி, அதிலும் சிறுவர்களிடமிருந்து கோபமாக வரும். பொதுவான விதி, தலையிடக் கூடாது என்பதுதான். மான் குட்டியைக் காப்பாற்றினால் சிறுத்தைக் குட்டி பட்டினி. இரண்டில் எது வாழ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வெளியூரிலிருந்து வந்தவருக்கு என்ன உரிமை?

ஆனால் அந்த விதியை மீறிய இரண்டு சம்பவங்கள் உண்டு. 2018இல் ஒளிபரப்பான பிபிசியின் ‘டைனஸ்டீஸ்’ தொடருக்காக ஒரு குழு அண்டார்டிகாவில் இருந்தபோது, பேரரசப் பென்குயின்கள் குஞ்சுகளோடு ஒரு பனிப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டன. குழு ஒரு சரிவுப் பாதையை மட்டும் வெட்டி வைத்தது. பென்குயினைத் தொடவில்லை, தூக்கவில்லை. அவற்றில் பல தாமாக ஏறி வந்தன. அங்கே வேட்டையாடும் விலங்கு எதுவும் பட்டினி கிடக்கப் போவதில்லை என்பது அவர்கள் கணக்கு.

இன்னொன்று நம் கரைக்கு நெருக்கமானது. 2016இல் வந்த ‘பிளானட் எர்த்’ இரண்டாம் தொடரில், பார்படோஸ் தீவில் அழுங்காமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து, கடலுக்குப் போகாமல் ஊர் விளக்கைப் பார்த்துச் சாலைக்குப் போகும். பார்க்கவே பதைக்கும். கண்ணில் பட்ட குஞ்சுகளைப் பொறுக்கிக் கடலில் விட்டதாக அந்தக் குழு பிறகு தெரிவித்தது. அது சரி என்றுதான் நான் சொல்வேன். குஞ்சைக் கவ்விப் போவது நண்டோ பருந்தோ என்றால் இயற்கை, தெருவிளக்கு இயற்கை இல்லை. மனிதர் உண்டாக்கிய ஆபத்தில் மனிதர் தலையிடாமல் இருப்பதை நடுநிலை என்று சொல்ல முடியாது.

தனுஷ்கோடி, முகுந்தராயர் சத்திரம், அரிச்சல்முனைப் பக்கம் ஆண்டுதோறும் ஆமைகள் முட்டையிட வருகின்றன. தை, மாசி, பங்குனியில் அதிகம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். வனத்துறை அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. நீங்கள் இரவில் கரையில் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள், செல்போன் ஃபிளாஷும் வேண்டாம், சுற்றி நின்று கூச்சல் போட வேண்டாம். எட்டி நின்று வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். குஞ்சுகள் வெளிச்சமான திசையைத்தான் கடல் என்று நம்பி நகரும். கரையோரம் விடுதி வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் கடல் பக்க விளக்கை அணைத்தாலே பெரிய உபகாரம்.

ஆமை முட்டை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது. பென்குயின் அப்பா பட்டினி கிடந்து அடைகாக்கிறது. எதைப் பார்த்துப் பிள்ளை வளர்ப்பது?

இரண்டையும் பார்த்து அல்ல.

விலங்குகளிடம் தேடினால் நாம் ஏற்கெனவே நம்புகிற எதற்கும் ஓர் உதாரணம் கிடைத்துவிடும், சிக்கல் அங்கேதான். 2005இல் பென்குயின்கள் பற்றிய ஒரு பிரெஞ்சு ஆவணப்படம் உலகமெங்கும் ஓடியது. அமெரிக்காவில் சிலர் அதைக் குடும்ப விசுவாசத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டாடினார்கள். ஆண் பேரரசப் பென்குயின் ஏறக்குறைய நான்கு மாதம் இரையில்லாமல் இருப்பதும், கடுங்குளிரில் முட்டையைக் காலின் மேல் வைத்துக் காப்பதும் உண்மைதான். ஆனால் அடுத்த வருஷம் பெரும்பாலானவை வேறு ஜோடியைத் தேடிக்கொள்ளும். இந்தப் பாதியை யாரும் கல்யாண மேடையில் சொல்வதில்லை.

நம் மன்னார் வளைகுடாவையே பாருங்கள். கடல் குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டையைச் சுமந்து குஞ்சு விடும். பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், தாய் முட்டையைக் காத்துக்கொண்டு இரை எடுக்காமல் கிடந்து, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் செத்துப்போகும். ஆமை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வைச் சிறுவர்களுக்குப் போடுகிறோம். தாயை இழந்த கோமாளி மீன் குஞ்சைத் தகப்பன் தேடிப்போகும் கதை. நிஜத்தில் அந்த மீன் இனத்தில் பெண் இறந்தால், கூட இருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். நீமோவின் அப்பா கடலில் அம்மாவாகியிருப்பார். இதைச் சொன்னதும் கீழக்கரையில் ஒரு சிறுமி, “எங்க உம்மாகிட்ட இத சொல்லவா?” என்று ஓடியது. என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை.

ஆமை பொறுப்பில்லாத தாயும் இல்லை, பேய்க்கணவாய் தியாகியும் இல்லை. ஆமைக்கு உத்தி எண்ணிக்கை. நூற்றுக்கணக்கில் முட்டையிட்டால் சில பிழைக்கும். யானைக்கு உத்தி நேரம். ஒரே குட்டியைப் பல வருஷம் கூட வைத்துக்கொள்ளும். எந்த உயிர் எந்த நிலைமையில் எதைச் செய்கிறது, ஏன் செய்கிறது என்று கேட்டுப் பழகினால் அது பெரிய விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அப்படி நடக்கிறார் என்று யோசிக்கவும் அதே பழக்கம் உதவும். அடைகாப்பதை வைத்து மருமகனைத் திட்ட வேண்டாம்.

‘வலியது வாழும்’ என்பதுதானே எல்லா இயற்கைப் படமும் சொல்வது?

வேட்டைக் காட்சிதான் விற்கும், அதனால் அப்படித் தோன்றுகிறது. அந்தச் சொற்றொடரை முதலில் உண்டாக்கியவர் டார்வின்கூட இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதினார், டார்வின் 1869 பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். அங்கே சொன்னதும் பலத்தை அல்ல, சூழலோடு பொருந்துவதை.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை இருபத்தோரு தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசிய கடல் பூங்கா அமைந்தது. அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களில் ‘வலியது’ எது? பவளம் என்பது நகரக்கூட முடியாத சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது, பவளம் அதற்கு இடமும் சத்தும் தருகிறது. கடல் சூடு ஏறினால் இந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி நடந்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். நீடித்தால் பவளம் செத்துவிடும்.

அந்தப் பார்தான் அலையின் வேகத்தை உடைத்துத் தீவையும் கரையையும் காக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வலியது வாழும் என்று வெட்டியவர்கள் நினைத்திருக்கலாம்.

சிறு பிள்ளைகளுக்கு வேட்டைக் காட்சியைக் காட்டலாமா?

நகரத்துப் பெற்றோர் கேட்பதைவிட இங்கே இந்தக் கேள்வி குறைவு. காலையில் அம்மா மீன் ஆய்வதைப் பார்த்து வளரும் பிள்ளை, சிங்கம் வரிக்குதிரையைப் பிடிப்பதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அதைவிட, துரத்தப்படும் குட்டிக்கு ஒரு செல்லப் பெயர் வைத்துக் கதை சொல்லும் படங்களில்தான் அழுகிறார்கள். மிகச் சின்னப் பிள்ளை என்றால் மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். போதும்.

என் மகன் காட்டில் உயிர்பிழைக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுக் கடலிலும் அப்படிச் செய்யலாம் என்கிறான்.

‘மேன் வெர்சஸ் வைல்ட்’ தமிழ்க் குரலில் வந்தபோது பார்க்காத வீடு கிடையாது. பியர் கிரில்ஸ் சில இரவுகளை விடுதியில் கழித்தார், சில காட்சிகள் முன்பே ஏற்பாடு செய்தவை என்பது 2007இல் வெளியானது. அதன் பிறகு நிகழ்ச்சியிலேயே அதைப் பற்றி அறிவிப்புப் போட ஆரம்பித்தார்கள். கூடவே கேமரா, மருத்துவ உதவி எல்லாம் உண்டு. உங்கள் மகனோடு அவை வராது.

கடலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று: கடல் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம், குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும். தாகம் கூடிக்கொண்டே போகும். மற்றபடி, காற்று வாடையா, கச்சானா, கொண்டலா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க உங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அவனை அவர்களோடு, உயிர்காப்புச் சட்டையைப் போட்டு அனுப்புங்கள். டிவியில் வருவதைவிட மெதுவாகச் சொல்வார்கள், ஆனால் இந்தக் கடலைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆக்டோபஸ் படத்தைப் பார்த்த பிறகு கணவாய் சாப்பிட மனசு வரவில்லை. என்ன செய்வது?

சாப்பிட வேண்டாம். மனசு வந்த பிறகு சாப்பிடுங்கள். அதில் என்னிடம் அறிவுரை இல்லை.

நீங்கள் சொல்வது 2020இல் வந்த ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ படமாக இருக்கும். 2021இல் ஆஸ்கர் வாங்கியது. தென்னாப்பிரிக்கக் கடலில் கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர் ஒரு பெண் ஆக்டோபஸைப் பின்தொடர்கிறார். எல்லோரும் அந்த நட்பைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த உயிருக்கு அது நட்பாக இருந்ததா என்று நமக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது வேறு. அந்த மனிதர் குளிர்ந்த தண்ணீரில், காற்றுச் சிலிண்டர் இல்லாமல், ஒரே இடத்துக்கு நாள் தவறாமல் மூழ்குகிறார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் எது புதிது, எது காணாமல் போயிற்று என்று அவருக்குத் தெரிகிறது.

இதை எங்கே பார்த்தோம் என்று யோசியுங்கள். பாம்பன் சின்னப்பாலத்திலும் மண்டபம் பக்கத்து ஊர்களிலும் பாசி எடுக்கும் பெண்கள் இதையே பல தலைமுறையாகச் செய்கிறார்கள். கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பிரித்து எடுக்கிறார்கள். எந்தப் பாரில் எது எப்போது தழைக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். பாசி குறைகிறது என்று தெரிந்ததும் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டியைக் கைவிடுவது, இனப்பெருக்க மாதங்களில் நிறுத்திவைப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாவுக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சர்வதேசப் பரிசு அது.

பொறுமையைப் பற்றி, ஒரே இடத்தை உற்றுப் பார்ப்பதைப் பற்றிப் பாடம் வேண்டுமானால் தென்னாப்பிரிக்கா வரை போகத் தேவையில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் சிலருக்குத் தன் சொந்த அம்மா செய்யும் வேலை என்னவென்று தெரிந்தது என்பதையும் நான் மறைக்க மாட்டேன். படத்தின் பயன் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்: வெளியூர்க் கடலைக் காட்டி உள்ளூர்க் கடலைப் பார்க்கத் தூண்டுவது.

கடல் பற்றிய படங்களில் மீனவரை ஒன்று வில்லனாகக் காட்டுகிறார்கள், இல்லையென்றால் பாவப்பட்டவராகக் காட்டுகிறார்கள். ஏன்?

எழுதுபவரும் எடுப்பவரும் கரையில் நின்று பார்ப்பதால். இயற்கை ஆவணப்படத்தில் கடல் பளிங்கு போல இருக்கும், ஆள் நடமாட்டமே இருக்காது. ஆள் வந்தால் கையில் வலையோடு, அழிப்பவராக வருவார். கடற்பசுவை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் ஆவுளியா. அதைப் பிடித்து விற்ற காலம் இருந்தது, மறுக்க வேண்டாம். இன்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022 முதல் கடற்பசுக் காப்பகமாக இருக்கிறது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களும் இருக்கிறார்கள். வலை அறுந்தால் நஷ்டம் யாருக்கு? அந்தக் காட்சி படத்தில் வருவது அபூர்வம்.

கதைப்படத்தில் வேறு விதம். 1965இல் வந்த மலையாளப் படம் ‘செம்மீன்’ குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கியது. படமாக அருமையானது. கடலுக்குப் போன கணவன் திரும்புவது கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்ற நம்பிக்கைதான் அதன் அச்சாணி. அதைப் போட்ட அன்று ஓர் அக்கா, “அப்ப இன்ஜின் கெட்டுப்போனாலும் நாங்கதான் காரணமா?” என்று கேட்டார். சரியான கேள்வி. நல்ல படத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத பாடமும் இருக்கும். பார்த்து முடித்ததும், இந்தப் படத்தில் யார் பேசவே இல்லை என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.

தனுஷ்கோடியைப் பற்றி ‘பேய் நகரம்’ என்று வீடியோ போடுகிறார்கள். அதில் ஏதாவது பாடம் உண்டா?

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல், தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. சர்ச், ரயில் நிலையம் எல்லாம் இடிந்து நிற்கின்றன. அந்த இடிபாட்டில் திகில் இசை போட்டு எடுக்கும் வீடியோக்களில், சில அடி தள்ளிக் குடிசையில் வசிக்கும் மீனவக் குடும்பங்கள் தெரிவதே இல்லை. மனிதர் வாழும் ஊரைப் பேய் நகரம் என்பது மரியாதை இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம். அந்தப் புயலைப் பற்றி அறிய வேண்டுமானால் ராமேஸ்வரத்தில் அந்த இரவைக் கடந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அதுவும் ஆவணப்படம்தான், உங்கள் செல்போன் போதும்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தமிழ் பேசுகிற ஒன்றிலிருந்து. முதுமலை தெப்பக்காட்டில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதி பற்றிய ‘தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்’ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 2023இல் ஆஸ்கர் கிடைத்தது. வளர்த்த குட்டியை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டி வருகிற இடத்தில் கூட்டம் அமைதியாகிவிடும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாக்கள் முக்கியமாக.

அதற்கு அடுத்து படத்தை விட்டு வெளியே போங்கள். மழைக்காலம் முடிந்ததும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்களில் பறவைகள் வந்து இறங்கும். தனுஷ்கோடியின் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். அந்தப் பகுதி 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பைனாகுலர் இருந்தால் நல்லது. முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. ஆவணப்படத்தில் வெட்டி எறிவது இந்த அரை மணி நேரத்தைத்தான், அதை ஒரு முறையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்தவர் அடுத்த படத்தை வேறு மாதிரிப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் படம் போட என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

திரை, புரொஜெக்டர், ஸ்பீக்கர் எங்களிடம் உண்டு. கரண்ட், பாய், வெளிச்சம் இல்லாத ஒரு சுவர்ப் பக்கம் நீங்கள் தர வேண்டும். பெண்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். நாள் குறிப்பதற்கு முன் படகு போகும் நாளைப் பாருங்கள். விசைப்படகு கரைக்கு வரும் காலையை ஒட்டிய இரவில் வைத்தால் ஆள் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் நன்றாக இருக்கும், அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முஸ்லிம் தெருக்களில் இஷா தொழுகை முடிந்து ஆரம்பிப்போம். ஆடி மாதத்தில் மட்டும் திறந்தவெளியில் கேட்காதீர்கள். அந்தக் காற்றில் திரை நிற்காது, மண்டபமோ பள்ளிக்கூட ஹாலோ இருந்தால் வருகிறோம்.